கடைசி நாட்களில் வீட்டுப் பிராணி: என் கிளினிக்கில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சியில் நாய், பூனைகளுக்கான சிறிய கிளினிக் ஒன்றை நடத்துகிறேன். காய்ச்சலுக்கும் சொறிக்கும் வருபவர்கள் விதவிதமாகக் கேட்பார்கள். ஆனால் சாகக் கிடக்கும் பிராணியைத் தூக்கிக்கொண்டு வருபவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அந்த நேரத்தில் நான் சொல்வது பாதிகூட அவர்கள் காதில் ஏறாது. அதனால் எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

"ரெண்டு நாளா சோறே தொடல டாக்டர். சாகப் போகுதா?"

சாப்பிடாததை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. உண்ணிக் காய்ச்சல் வந்த நாய் ஒரு வாரம் தட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காது. சரியான மருந்து போனதும் மூன்றாம் நாள் சமையலறை வாசலில் வந்து உட்காரும். பல்லில் சீழ் இருந்தாலும் சாப்பிடாது. பூனை விஷயத்தில் மட்டும் காத்திருக்காதீர்கள். கொழுத்த பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தாலே அதன் ஈரலில் கொழுப்பு படியத் தொடங்கிவிடும்.

வந்ததும் நான் பார்ப்பது ஈறின் நிறம், மூச்சு, தோலைக் கிள்ளிவிட்டால் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்பது. அப்புறம் ரத்தப் பரிசோதனை. ஈறு இளஞ்சிவப்பாக இருந்தால் கொஞ்சம் நிம்மதி. வெளுத்தோ நீலம் பாய்ந்தோ இருந்தால் அவசரம்.

"சரி, இன்னும் எத்தனை நாள் இருக்கும்? உண்மையைச் சொல்லுங்க."

நாள் கணக்குச் சொன்னால் அது பெரும்பாலும் பொய்யாகத்தான் போகும். சிறுநீரகம் பழுதாகி ரத்தத்தில் கிரியேட்டினின் ஏறிய பூனை ஒன்றுக்கு "ஒரு வாரம்" என்று சொன்னேன். ஐந்து மாதம் கழித்து அதே பூனையைக் கூடையில் வைத்துக்கொண்டு வந்து சிரித்தார் அந்த அம்மா. மண்ணீரல் கட்டியோடு வந்த லேப்ரடாருக்கு "இரண்டு மாதம் பார்க்கலாம்" என்றேன். கட்டி உள்ளேயே வெடித்து அன்று இரவே போய்விட்டது.

இப்போது நாள் சொல்வதில்லை. இந்த நோய் எந்த வழியாகப் போகும், அடுத்து எதைப் பார்க்கப் போகிறீர்கள், எந்த அறிகுறி வந்தால் நடுராத்திரியானாலும் என்னைக் கூப்பிட வேண்டும் என்று சொல்கிறேன். "குணப்படுத்த முடியாது" என்ற வார்த்தையை மழுப்பாமல் சொல்லப் பழகவே எனக்குப் பல வருடம் ஆனது. அதைச் சொல்லாமல் இன்னொரு சத்து டானிக் எழுதிக்கொடுப்பது சுலபம். நானும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

"கத்தவே இல்லையே. வலி இருக்குன்னு எப்படிச் சொல்றீங்க?"

நாயும் பூனையும் நாள்பட்ட வலிக்குக் கத்துவது அபூர்வம். ஒடுங்கிப் போகும். வழக்கமாக ஏறும் திண்ணையில் ஏறாது. படுத்தால் ஒரே பக்கமாகப் படுக்கும், அல்லது படுக்கவே முடியாமல் உட்கார்ந்தபடி தூங்கி விழும். பூனை தன்னை நக்கிச் சுத்தம் செய்வதை நிறுத்திவிடும். முதுகு முடி சிக்குப் பிடிக்கும். கட்டிலுக்கு அடியில், பீரோவுக்குப் பின்னால் என்று ஒளியும். கிளினிக்கில் பயத்தில் நிமிர்ந்து நிற்கும் நாய், வீட்டில் எழவே திண்டாடுவதாக இருக்கும். அதனால் வீட்டில் இருப்பதைக் கைப்பேசியில் ஒரு நிமிடம் வீடியோ எடுத்துக்கொண்டு வாருங்கள். எனக்கு ஸ்கேனைவிட அது உதவும் நாட்கள் உண்டு.

தூங்கும்போது மூச்சையும் எண்ணிப் பாருங்கள். நெஞ்சு ஒருமுறை ஏறி இறங்குவது ஒரு மூச்சு. அசந்து தூங்கும் நாய்க்கோ பூனைக்கோ நிமிடத்துக்கு முப்பதுக்குள் இருக்க வேண்டும். நாற்பதைத் தாண்டுகிறது, கழுத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது என்றால் அது மூச்சுக்குத் தவிக்கிறது. வலியைவிடக் கொடியது அந்தத் தவிப்பு.

"வீட்ல பாராசிட்டமால் இருக்கு, பாதி கொடுக்கவா?"

பூனைக்கு ஒருபோதும் கொடுக்காதீர்கள். அதன் ஈரலுக்கு அந்த மருந்தை உடைத்து வெளியேற்றத் தெரியாது. ஒரு மாத்திரையே போதும். ஈறு பழுப்பு நிறமாகி, முகம் வீங்கி, ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் செத்துப்போகும். நாய்க்கு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் இரண்டும் வயிற்றில் புண்ணாக்கி ரத்தம் கசிய வைக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். வலிக்குக் கொடுக்க எங்களிடம் மெலோக்ஸிகாம், கபாபென்டின், டிரமடால் என்று வேறு வழிகள் இருக்கின்றன. எதை, எவ்வளவு என்பது எடையையும் சிறுநீரகத்தையும் பார்த்து முடிவு செய்வது.

"குளுக்கோஸ் ஏத்தினா தெம்பு வந்துடும்ல?"

நீர் வற்றிப் போன உடம்புக்கு டிரிப்ஸ் நிச்சயம் உதவும். சிறுநீரகம் பழுதான பூனைக்குத் தோலுக்கடியில் ரிங்கர் லாக்டேட் என்ற உப்புக் கரைசலை ஏற்றினால் சில வாரமோ மாதமோ சுகமாக இருக்கும். அதை வீட்டிலேயே ஏற்றவும் சொல்லித் தருவேன், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் இதயம் தளர்ந்த நாய்க்கு அதே தண்ணீர் நுரையீரலில் போய்த் தேங்கும். பாட்டில் தொங்குவதைப் பார்த்தால் ஏதோ நடக்கிறது என்று நமக்குத் தெம்பு வரும், அவ்வளவுதான்.

இன்னொன்று, வாயைத் திறந்து கஞ்சி ஊற்றாதீர்கள். விழுங்கத் திராணி இல்லாத பிராணிக்கு அது நேரே மூச்சுக்குழாய்க்குள் போகும். பாசத்தோடு ஊற்றிய கஞ்சியால் நிமோனியா வந்து துடித்தவற்றைப் பார்த்திருக்கிறேன்.

"ஆஸ்பத்திரி வேண்டாம், வீட்டிலேயே வெச்சுப் பார்த்துக்கிறோம். என்னென்ன செய்யணும்?"

தாராளமாகச் செய்யலாம். பெரும்பாலும் நானே அதைத்தான் சொல்வேன். கூண்டில், தெரியாத நாய்களின் குரைப்புக்கு நடுவில் கடைசி வாரத்தைக் கழிப்பது எதற்கு?

டைல்ஸ் தரையில் கால் வழுக்கும். சாக்கையோ பழைய ஜமுக்காளத்தையோ விரியுங்கள். எழ முடியாத நாயை இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வையுங்கள், இல்லாவிட்டால் இடுப்பெலும்பு முட்டும் இடத்தில் படுக்கைப்புண் வரும். நம் ஊர் வெக்கையில் அதைவிடப் பெரிய எதிரி ஈ. மலம், மூத்திரம் பட்ட ஈர முடியில் ஈ முட்டை வைத்தால் ஒரே நாளில் புழு வைத்துவிடும். அதனால் வால் பக்கம், பின்தொடை முடியைக் கத்தரித்துவிட்டு, வெந்நீரில் துடைத்து, உலர்த்தி, கொசுவலைக்குள் படுக்க வையுங்கள். வராண்டாவில் தனியே போடாதீர்கள். ஆள் நடமாட்டம் கேட்கும் கூடத்தில் இருக்கட்டும். கெட்டியாகச் சாப்பிடாவிட்டால் எலும்பில்லாத கோழிச் சாறு, கொஞ்சம் மீன், எது பிடிக்குமோ அதை விரலில் தொட்டு நாக்கில் காட்டுங்கள். நக்கினால் சந்தோஷம், திரும்பிக்கொண்டால் விட்டுவிடுங்கள்.

"அதுவா போகட்டும்னு விட்டுட்டா அது நல்ல சாவு இல்லையா?"

இந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பக்கம் முழுவதையும் எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லோர் மனதிலும் ஒரு படம் இருக்கிறது. ராத்திரி தூங்கப் போகும், காலையில் பார்த்தால் அடங்கியிருக்கும். அப்படிச் சாவது உண்டு. மிக வயதான பிராணிகள் சில அப்படிப் போவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் சிறுநீரகம் செயலிழந்தால் வாந்தியும் வாய்ப்புண்ணும் வலிப்புமாகப் பல நாள் இழுக்கும். இதயம் செயலிழந்தால் நுரையீரலில் நீர் கோத்து, விழித்திருக்கும்போதே மூச்சுத் திணறும். டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் நாயின் மூளைக்கு ஏறினால் வலிப்பு நிற்காது. "அதுவா போகட்டும்" என்று விட்ட வீடுகளிலிருந்துதான் விடியற்காலை மூன்று மணிக்கு எனக்குப் போன் வரும்.

இயற்கையாகப் போகட்டும் என்பது தவறான ஆசை கிடையாது. அப்படி விடுவதென்றால் வலி மருந்தும் வாந்தி மருந்தும் நிற்காமல் போக வேண்டும், பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும், மூச்சுத் திணறல் தொடங்கினால் மனதை மாற்றிக்கொள்ளத் தயாராக இருக்க வேண்டும். ஒன்றும் செய்யாமல் வாசலில் போட்டு வைப்பதற்கு அந்தப் பெயரைச் சூட்ட வேண்டாம்.

"அப்போ எப்போ ஊசி போடணும்? நீங்களே சொல்லிடுங்க டாக்டர்."

வலியில்லாமல் உயிரை முடிக்கும் ஊசியைத்தான் கேட்கிறார்கள். என் கருத்தைச் சொல்வேன், தட்டிக்கழிக்க மாட்டேன். ஆனால் அந்தப் பிராணியை நான் பத்து நிமிடம் பார்க்கிறேன், நீங்கள் பத்து வருடம் பார்த்தவர்கள். அமெரிக்கக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் ஒரு மதிப்பெண் முறை வகுத்திருக்கிறார். வலியும் மூச்சும், பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் அதிகமா என்று ஏழு. ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண். மொத்தம் எழுபதில் முப்பத்தைந்துக்கு மேல் இருந்தால் தொடர்ந்து பார்த்துக்கொள்ளலாம்.

மதிப்பெண் போட வராதவர்களுக்கு நான் சொல்வது பால் கணக்குக் குறிக்கும் மாதக் காலண்டர். அதற்கு ரொம்பப் பிடித்த மூன்று விஷயத்தை எழுதிக்கொள்ளுங்கள்: கேட் சத்தம் கேட்டு ஓடி வருவது, மொட்டை மாடி வெயில், தயிர்சாதம், எதுவோ. ராத்திரி படுக்கும் முன் அன்று எத்தனை நடந்தது என்று கட்டத்தில் எழுதுங்கள். ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் ஒருவர் அப்படி எழுதிய காலண்டரை மடித்துக் கொண்டுவந்து என் மேசையில் விரித்தார். 3, 3, 2, 2, 1, 2, 1, 0, 0, 0. அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன்.

ஒரு நாள் முன்னதாகச் செய்துவிட்டோமோ என்று வருந்தி வந்தவர்களைவிட, ஒரு வாரம் தாமதித்துவிட்டோம் என்று அழுதவர்களே என்னிடம் அதிகம்.

"ஊசி போட்டா என்ன ஆகும்? வலிக்குமா?"

முதலில் சதையில் ஒரு மயக்க ஊசி. சுருக்கென்று இருக்கும், சில பிராணிகள் வாந்தி எடுக்கும். பத்து நிமிடத்தில் ஆழ்ந்து தூங்கிவிடும். அதன் பிறகு முன்னங்காலில் கொஞ்சம் முடியை வழித்து, நரம்பில் வென்ஃப்ளான் என்ற சிறு குழாயை வைத்து, தயோபென்டோன் போன்ற மயக்க மருந்தை அளவுக்கு மேல் செலுத்துவேன். ஆபரேஷனுக்குக் கொடுக்கும் மருந்துதான், அளவுதான் கூடுதல். ஓரிரு நிமிடத்தில் மூச்சு நிற்கும், அப்புறம் இதயம். ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டு, சில நிமிடம் காத்திருந்து, மறுபடியும் கேட்டுவிட்டுத்தான் சொல்வேன்.

முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்: கண் தானாக மூடாது. உயிர் போன பிறகு ஒன்றிரண்டு முறை பெரிதாக மூச்சு இழுப்பதுபோல் தோன்றலாம், தசை துடிக்கலாம், மூத்திரம் போகலாம். அப்போது அதற்கு உணர்வு கிடையாது. மயக்கம் கொடுக்காமல் பொட்டாசியம் குளோரைடையோ மெக்னீசியம் சல்ஃபேட்டையோ மட்டும் ஏற்றுவது கொடுமை. "முதலில் மயக்க ஊசி போடுவீர்களா?" என்று எந்த மருத்துவரிடமும் கேளுங்கள், கேட்பதில் தப்பே இல்லை. தொழிலுக்கு வந்த புதிதில், வெளியே கூட்டம் நின்றது என்று, மயக்க ஊசி முழுதாக வேலை செய்யும் முன்பே ஒரு சிப்பிப்பாறை நாய்க்கு நரம்பில் குத்தினேன். அது தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. அதிலிருந்து இந்த வேலைக்குச் சாயங்காலக் கடைசி நேரத்தை ஒதுக்குகிறேன். பில்லையும் முன்னாலேயே வாங்கிவிடுகிறோம்; எல்லாம் முடிந்து நிற்பவரிடம் சில்லறை எண்ணச் சொல்லக் கூடாது.

"என்னால பார்க்க முடியாது. வெளியில நிக்கட்டுமா?"

நிற்கலாம். அதற்காக யாரையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மயக்க ஊசி வேலை செய்யும் அந்தப் பத்து நிமிடமாவது இருங்கள், தூங்கியதும் போய்விடலாம். ஆட்கள் கதவைத் தாண்டிப் போனதும் கழுத்தைத் திருப்பித் திருப்பித் தேடும் நாய்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். நீங்கள் முடியாதென்றால் அதற்குப் பழகிய வேறு ஒருவர் வரட்டும்: சோறு வைக்கும் பாட்டி, வாக்கிங் கூட்டிப்போகும் பையன்.

"இது பாவம் இல்லையா? சட்டப்படி செய்யலாமா?"

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, உயிரோடு வைத்திருப்பதே கொடுமையாகும் நிலைக்குப் போன பிராணியின் உயிரை முடிக்கலாம் என்பதை ஏற்கிறது. அதே சட்டத்தின் 11ஆம் பிரிவு, ஸ்டிரைக்னின் நஞ்சை இதயத்தில் ஏற்றிக் கொல்வதைப் பெயர் சொல்லிக் குற்றம் என்கிறது. அதாவது எப்படிச் செய்கிறோம் என்பதும் கணக்கு. மனிதருக்கு 2018ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அனுமதித்தது உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்திக்கொள்வதை மட்டும்தான். ஊசி போட்டு முடிப்பதை அனுமதிக்கவில்லை. "எங்கப்பாவுக்கு இது கிடைக்கலையே" என்று நாயின் பக்கத்தில் உட்கார்ந்து அழுத ஒருவரை எனக்குத் தெரியும்.

பாவ புண்ணியம் என் துறை இல்லை. ஊசி வேண்டவே வேண்டாம் என்று நம்பிக்கையோடு சொல்லும் குடும்பங்கள் என்னிடம் வருகின்றன. அவர்களுக்கு "அதுவா போகட்டும்" கேள்விக்குச் சொன்ன நிபந்தனைகளைச் சொல்லி, வலி மருந்து கொடுத்து, கூடவே இருக்கிறேன்.

"ஆபரேஷனுக்குப் பணம் இல்ல. காசுக்காகக் கொல்றோமோன்னு இருக்கு."

மூன்று மாதச் சம்பளத்தைக் கேட்கும் சிகிச்சை, பலன் பாதிக்குப் பாதி என்றால் வேண்டாம் என்பது குற்றம் ஆகாது. என்னிடமே வெளிப்படையாகச் சொல்லுங்கள், "இவ்வளவுதான் முடியும்" என்று. அந்தத் தொகைக்குள் வலியை எப்படிக் குறைக்கலாம் என்று யோசிப்பதும் வைத்தியம்தான். அரசு கால்நடை மருத்துவமனைகளும், கால்நடை மருத்துவக் கல்லூரிகளோடு சேர்ந்த மருத்துவமனைகளும் இருக்கின்றன. சென்னையில் 1903ஆம் ஆண்டு தொடங்கி, இப்போது வேப்பேரியில் இருக்கும் கல்லூரியை அங்குள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தனியார் கட்டணத்தில் சிறு பகுதிதான் ஆகும்.

செய்யக் கூடாதது ஒன்று: கோயில் வாசலிலோ ஊருக்கு வெளியிலோ இரவில் இறக்கிவிட்டுப் போவது. பட்டினியால் வாடும்படி கைவிடுவது முன்பு சொன்ன 11ஆம் பிரிவின்படி குற்றம். நடக்கக்கூட முடியாத வயதில் வீட்டை இழந்த நாய் அதிக நாள் தாக்குப்பிடிக்காது.

"நாங்க வெளிநாடு போறோம், வயசான நாய், யாரும் வாங்க மாட்டாங்க. ஊசி போட்டுடுங்களேன்?"

மாட்டேன். வேறு வீடு தேட உதவுவேன்.

"எச்சில் ஒழுகுது, தண்ணி குடிக்கல, தொண்டையில எலும்பு சிக்கியிருக்கும்போல. கை விட்டு எடுக்கப் பார்த்தேன்."

இங்கே மட்டும் மேலே சொன்ன "கூடவே இருங்கள்" என்பதை மறந்துவிடுங்கள். தாடை தொங்கி, எச்சில் வடிந்து, குரல் மாறி, பின்னங்கால் தள்ளாடும் நாய்க்கு வெறிநோய் இருக்கலாம். எலும்பு சிக்கியதென்று வாயில் கையை விட்டவர்கள் வருடத்துக்குச் சிலராவது வருகிறார்கள். அறிகுறி தொடங்கிய பின் அதற்கு மருந்து கிடையாது. பத்து நாளுக்குள் இறந்துவிடும். அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்துங்கள், மடியில் வைக்க வேண்டாம், குழந்தைகள் முத்தம் கொடுத்து விடைபெற வேண்டாம்.

எச்சில் பட்ட இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். அரசு மருத்துவமனையில் தடுப்பூசி இலவசம். நாய் என்ன ஆகிறது என்று பார்த்துவிட்டுப் போகலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

"பாப்பா கேட்டா என்ன சொல்றது? ஊருக்குப் போயிருக்குன்னு சொல்லிடவா?"

ஊருக்குப் போனது திரும்பி வரும் என்று குழந்தை வாசலில் உட்காரும். "தூங்க வெச்சுட்டோம்" என்பது அதைவிட மோசம். அன்று ராத்திரி அது தூங்கப் பயப்படும். "ரொம்ப உடம்பு சரியில்லாம செத்துப்போச்சு, இனிமே வராது" என்று சொல்லலாம். நான்கு வயதுக் குழந்தைக்கும் அது புரியும், அல்லது மறுபடி மறுபடி கேட்டுப் புரிந்துகொள்ளும்.

"உடம்பை என்ன பண்றது?"

சில மணி நேரத்தில் விறைத்துவிடும். அதற்கு முன் கால்களை மடக்கி, சுருண்டு தூங்கும் வாக்கில் வைத்துவிட்டால் குழி சிறிதாகப் போதும். பருத்தித் துணியில் சுற்றுங்கள், பிளாஸ்டிக் வேண்டாம். நாலடிக்குக் குறையாமல் தோண்டி, கிணறு, போர்வெல் பக்கம் இல்லாமல் புதைத்து, மேலே கல் வையுங்கள். ஊசி போட்ட உடலில் மருந்து அப்படியே இருக்கும். தெருநாய் தோண்டித் தின்றால் அதற்கும் ஆபத்து. அடுக்குமாடியில் இருப்பவர்கள் மாநகராட்சியில் கேளுங்கள். சென்னை போன்ற பெரிய ஊர்களில் பிராணிகளை எரியூட்டத் தனி வசதி உண்டு.

"ஒரு நாய்க்குப் போய் இப்படி அழுவியான்னு ஆபீஸ்ல கேக்கறாங்க."

திருவண்ணாமலை மாவட்டத்தில் எடத்தனூர் என்று ஓர் ஊர். அங்கே பல்லவன் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. வீரன் செத்துக் கிடந்தபோது கள்ளர்களைக் கடித்து விரட்டிக் காவல் காத்த நாயையும் அவனுக்குப் பக்கத்தில் செதுக்கி, கோவிவன் என்று அதன் பெயரையும் வெட்டியிருக்கிறார்கள். ஆயிரத்து நானூறு வருடத்துக்கு முன் அந்த ஊர்க்காரர்கள் அதைச் சில்லறை விஷயமாக நினைக்கவில்லை. ஆபீஸில் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். இரண்டு நாள் லீவு போடுங்கள்.

"மிச்சம் மாத்திரை, படுக்கை, கழுத்துப் பட்டை எல்லாம் இருக்கு. உங்ககிட்டயே கொடுத்துடவா?"

பிரிக்காத மாத்திரை அட்டைகளைக் கொடுங்கள், வாங்க முடியாதவர்களுக்குப் போகும். பார்வோ என்ற வைரஸ் நோயில் இறந்த குட்டியின் படுக்கையை எரித்துவிடுங்கள். அந்தக் கிருமி மாதக்கணக்கில் வீட்டில் இருக்கும். பிளீச்சிங் கரைசலில் தரையைக் கழுவுங்கள், தடுப்பூசி போடாத வேறு குட்டியை உடனே கொண்டுவராதீர்கள். மற்ற நோய் என்றால் படுக்கையைத் துவைத்துக் கொடுங்கள், கிளினிக்கில் எப்போதும் தேவை.

கழுத்துப் பட்டையை மட்டும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அப்படி வந்தவை எட்டு என் மருந்து அலமாரியின் கீழ்த்தட்டில் கிடக்கின்றன. வேறு நாய்க்குப் போடவும் கை வரவில்லை, எறியவும் முடியவில்லை.